காலிக் கட்டமும் 'நெயான்' அம்மாளும்

ஒரு படிவத்தில் காலியாக விடப்பட்ட கட்டத்துக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று யாராவது கேட்டால், நான்கு என்று சொல்வேன். ஒன்று, அப்படி ஒன்று இவருக்கு இல்லை. இரண்டு, இருக்கிறது, ஆனால் என்னவென்று தெரியாது. மூன்று, அந்தக் கேள்வியே இவருக்குப் பொருந்தாது. நான்கு, இன்னும் யாரும் கேட்கவில்லை, எழுதவில்லை. அரசாங்க மேஜையில் காலம் தள்ளியவர்களுக்கு இந்த நால்வரும் நான்கு தனி ஆட்கள். ஒருவரை இன்னொருவர் என்று நினைத்துக் கோப்பை நகர்த்தினால், எங்கோ ஒரு வீட்டில் அந்த மாதம் அடுப்பு எரியாது.

இந்தப் பழைய சமாசாரத்தை இப்போது எழுதக் காரணம் எக்ஸ்எம்எல். பெயரைக் கேட்டதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். நம்மைப் போன்றவர்களுக்குப் புரியாத விஷயம் அதில் ஒன்றும் இல்லை. பேரேட்டில் தலைப்புப் போட்டு அதன் கீழே விவரம் எழுதுவோமே, அதையே கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி எழுதும் முறை அது. 1998-ல் அதற்கு விதிமுறை வகுத்தார்கள். தலைப்புகளைத் தமிழிலேயே வைக்கவும் அதில் இடம் உண்டு. <பெயர்> என்று ஆரம்பித்து, பெயரை எழுதி, </பெயர்> என்று முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்கிற செட்டிங்ஸை எல்லாம் இந்த மாதிரி கோப்பில் எழுதி வைப்பது வழக்கம். அங்கேயும் நமது காலிக் கட்டம் வந்து உட்கார்ந்துகொண்டு அதே வேலையைச் செய்கிறது.

முதலில் பள்ளிக்கூடத்து உதாரணம் ஒன்று. எங்களைப் போலப் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு மதிப்பெண் 20-க்கு. மூன்று பரீட்சையில் ஒருவன் 12, 14 வாங்கிவிட்டு, மூன்றாவதுக்குக் காய்ச்சலில் வரவில்லை என்று வையுங்கள். வாத்தியார் அந்தக் கட்டத்தில் 'அப்சான்' என்று எழுதுவார். வரவில்லை என்று பொருள். எழுதிய இரண்டுக்கு மட்டும் சராசரி போட்டால் 13. அதே கட்டத்தில் பூஜ்யம் போட்டு மூன்றால் வகுத்தால் எட்டே முக்கால்கூட வராது. பையன் அதே பையன். படுக்கையில் கிடந்தவனுக்கும், பரீட்சைக்கு வந்து வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனவனுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரு சொல் காப்பாற்றியது.

பிரெஞ்சுக்காரர் காலத்துக் குமாஸ்தாக்கள் இதில் கெட்டிக்காரர்கள். அவர்களுக்குக் கொம்மி என்று பெயர். எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார்கள். சொல்ல எதுவும் இல்லையென்றால் 'நெயான்' என்று எழுதுவார்கள். ஒன்றுமில்லை என்று அர்த்தம். விவரம் தெரியாவிட்டால் 'ஏன்கொன்யு', அதாவது அறியப்படாதது. மீதி இடத்தில் ஒரு கோடு இழுத்து அடைப்பார்கள். இது அழகுக்காகச் செய்ததல்ல. காலியாக விட்ட இடத்தில் பின்னால் வருகிறவன் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். காசோலையில் தொகைக்குப் பின்னால் நாம் 'மட்டும்' என்று எழுதிக் கோடு போடுவதும் அதே பயத்தால்தான். 'நெயான்' என்று எழுதிவிட்டால், நான் கேட்டேன், விசாரித்தேன், இல்லை என்று உறுதிசெய்தேன் என்று அந்த கொம்மி கையெழுத்துப் போட்டதாக ஆகிறது.

அப்படி எழுதப்பட்ட ஒரு 'நெயான்' பின்னால் ஒரு குடும்பத்தை ஆட்டி வைத்த கதையை நான் நேரில் பார்த்தேன்.

புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல். அதற்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்களின் கோப்புகளில் பழைய தாள்கள் பிரெஞ்சிலேயே இருந்தன. நான் வேலைக்குப் போன காலத்தில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்ததால், எந்தப் பிரிவில் இருந்தாலும் அந்தத் தாள்கள் கடைசியில் என் மேஜைக்கு வந்து சேரும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். தட்டச்சு செய்ய வந்த பிள்ளைகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும், பிரெஞ்சு தெரியாது. கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே அடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் யாரும் 'நெயான்' என்றால் என்னவென்று சொல்லவில்லை.

சில மாதம் கழித்து ஓர் அம்மா வந்தார். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கணவர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்று, இறந்துபோனவர். குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டு ஏழு மாதம் ஆகியும் வரவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்: "முதல் மனைவியோட மரணச் சான்றிதழ் கொண்டாங்க. உயிரோட இருந்தா சம்மதக் கடிதம் கொண்டாங்க." கம்ப்யூட்டர் தாளில் முதல் மனைவி என்ற இடத்தில் 'நெயான்' என்று ஒரு பெயர். இந்த அம்மா இரண்டாம் மனைவி என்று பதிவாகியிருந்தார்.

அவர் என் முன்னால் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, எனக்குத் தெரியாம அவரு ஒருத்தியக் கட்டியிருந்தாரா? பேரும் ஒரு மாதிரியா இருக்கு. வெள்ளைக்காரப் பொம்பளையா?"

பணம் வராத கஷ்டத்தைவிட இந்தக் கேள்விதான் அவரை ஏழு மாதமாகத் தின்றுகொண்டிருந்தது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. மகன்களும் கேட்டிருக்கிறார்கள். தெருவிலும் பேச்சு போயிருக்கிறது. நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனுஷனை, அவர் போன பிறகு, ஒரு தாளை வைத்துக்கொண்டு சந்தேகப்பட வேண்டிய நிலைமை.

பழைய கோப்பை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். நல்ல மையில், சாய்வான எழுத்தில், 'முன் திருமணம்' என்ற கட்டத்தில் 'நெயான்' என்று இருந்தது. விரலை வைத்துக் காட்டி அர்த்தம் சொன்னேன்.

"அப்போ, யாரும் இல்லன்னா எழுதியிருக்கு?"

"யாரும் இல்லன்னுதாம்மா எழுதியிருக்கு."

இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு வெளியே பெஞ்சில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். அடுத்த இரண்டு மாதத்தில் நிலுவையோடு பணம் வந்தது. கம்ப்யூட்டரில் தேடச் சொன்னபோது இன்னும் பல வீடுகளில் நெயான் அம்மாள் குடியிருப்பது தெரிந்தது. எல்லாரையும் வெளியேற்ற ஒரு வருடம் பிடித்தது.

'இல்லை' என்று எழுதிய சொல்லைக் கம்ப்யூட்டர் 'இருக்கிறாள்' என்று எடுத்துக்கொண்டது. இதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்ட மாதிரி ஒன்று சில வருடங்களுக்கு முன் நடந்தது. எக்ஸ்எம்எல் வருவது இங்கேதான்.

நாங்கள் சில ஓய்வூதியர்கள் சேர்ந்து ஒரு சிறிய சங்கம் வைத்திருக்கிறோம். வருடாவருடம் நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் மூலம் விரல் ரேகை வைத்தும் கொடுக்கலாம். எங்கள் ஊரில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் சொல்தா வீடுகளுக்கும் இதே போல 'செர்த்திஃபிக்கா தெ வீ' உண்டு. மறந்துவிட்டால் பணம் நின்றுபோகும். வயதானவர்கள் மறப்பார்கள் என்பதால் சங்கத்திலிருந்து நினைவூட்டல் அனுப்புவோம். உறுப்பினர் ஒருவரின் உறவுக்காரப் பையன் அதற்கு ஒரு சிறு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தான்.

அதன் ஏற்பாடு எளிமையானது. கோப்பின் தலையில் பொது விதி: எல்லாருக்கும் தபால் கார்டு. ஓர் உறுப்பினரின் கீழே <கைபேசி> என்ற வரி இருந்தால் அவருக்குக் கார்டுக்குப் பதில் குறுஞ்செய்தி. வரி இல்லாதவருக்குப் பொது விதிப்படி கார்டு. இரண்டு வருடம் நன்றாக ஓடியது.

மூன்றாம் வருடம் உறுப்பினர் பட்டியலை எக்ஸெல் தாளில் புதுப்பித்து, அதிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பைப் புதிதாக எடுத்தார்கள். எக்ஸெலில் எல்லாருக்கும் எல்லாக் கட்டமும் உண்டல்லவா? ஆகவே கைபேசி இல்லாதவர்களுக்கும் <கைபேசி></கைபேசி> என்று, உள்ளே எதுவும் இல்லாத ஒரு வரி வந்துவிட்டது. மென்பொருள் பார்த்தது: கைபேசி வரி இருக்கிறது, சரி, இவருக்குக் கார்டு வேண்டாம், செய்தி அனுப்பு. எந்த எண்ணுக்கு? எண்ணே இல்லாத எண்ணுக்கு. தவறு என்று ஒரு மணிகூட அடிக்கவில்லை.

பதினோரு பேருக்கு அந்த நவம்பரில் எதுவும் போகவில்லை. பத்துப் பேர் பழக்கத்தில் தாங்களாகவே வங்கிக்குப் போய்விட்டார்கள். ஒருவர் போகவில்லை. எண்பத்து நான்கு வயது, மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியூரில். கார்டு வந்தால்தான் ஞாபகம் வரும். டிசம்பரில் பணம் வராதபோது, அரசாங்கத்தில் ஏதோ தாமதம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு ஓட்டியிருக்கிறார். கடன் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். பொங்கலுக்குப் பார்க்கப் போன நண்பர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். வங்கிக்கு அழைத்துப் போய்ச் சான்று கொடுத்ததும் நிலுவையும் சேர்த்து வந்தது. விட்ட மாத்திரைகள் மட்டும் நிலுவையோடு வராது.

என் தங்கையின் பேரன் சென்னையில் இதே தொழிலில் இருக்கிறான். வந்தபோது கோப்பைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "தாத்தா, வரி இல்லாம இருக்கறதும், வரி இருந்து உள்ள காலியா இருக்கறதும் வேற வேற. இத எழுதினவங்க ரெண்டையும் யோசிக்கல" என்றான். பிறகு மாடியில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தினான். நான் புரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன்.

எக்ஸ்எம்எல்லில் வெறுமை நான்கு வேஷத்தில் வரும். முதலாவது, வரியே இல்லை. இதைப் பெரும்பாலும் 'பொது விதிப்படி செய்' என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது, வரி இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. <கைபேசி></கைபேசி> என்று எழுதினாலும், சுருக்கமாக <கைபேசி/> என்று எழுதினாலும் இரண்டும் ஒன்றேதான். மூன்றாவது வேஷம் பொல்லாதது: உள்ளே ஓர் இடைவெளி மட்டும் இருக்கும். நம் கண்ணுக்குக் காலி. கம்ப்யூட்டருக்கு அதுவும் ஓர் எழுத்து. நான்காவது, 'இதில் மதிப்பு இல்லை என்று தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்' என்று வரியின் மேலேயே முத்திரை குத்துவது. 2001-ல் வந்த ஸ்கீமா விதிகளில் இந்த முத்திரைக்கு 'நில்' என்று பெயர். கொம்மி எழுதிய 'நெயான்' இதுதான்! லத்தீனில் 'நிஹில்' என்றால் ஒன்றுமில்லை, அதிலிருந்து வந்த சொல். தமிழில் படித்தாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. மென்பொருளே, இங்கே கொஞ்சம் நில், யோசித்துவிட்டுப் போ.

இந்த முத்திரைக்கும் 'நெயான்' என்ற சொல்லுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முத்திரை கட்டத்துக்கு உள்ளே இருப்பதில்லை, வெளியே இருக்கிறது. உள்ளே எதையும் எழுதக் கூடாது என்பதும் விதி. ஆகவே அதை யாரும் ஒரு மனைவியின் பெயர் என்று படித்துவிட முடியாது.

ஸ்கீமா என்பது எந்தக் கட்டத்தில் என்ன வரலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் சட்டப் புத்தகம். வயது என்ற கட்டத்தில் எண்தான் வர வேண்டும் என்று அதில் எழுதிவிட்டால், காலியான வயது வாசலிலேயே நிறுத்தப்படும். ஏனென்றால் காலி ஓர் எண் ஆகாது. பெயர் மாதிரி எழுத்து வரும் கட்டமாக இருந்தால், தனியாகத் தடை எழுதாத வரை காலியையும் உள்ளே விட்டுவிடும். 'எதுவும் எழுதாவிட்டால் இதை வைத்துக்கொள்' என்று இயல்பு மதிப்பும் கொடுக்கலாம். அதில் ஒரு வேடிக்கை: அந்த மதிப்பு, வரி இருந்து உள்ளே காலியாக இருந்தால்தான் வரும். வரியே இல்லாவிட்டால் வராது. நாம் நினைப்பதற்கு நேர் எதிர். இதைத் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம் என்று பேரன் சொன்னான்.

பெரிய தலைகளே இதில் திணறியிருக்கிறார்கள். டேட்டாபேஸ் சாஸ்திரத்துக்கு அடித்தளம் போட்ட காட் என்ற அறிஞர், 1990-ல் எழுதிய புத்தகத்தில், வெற்றிடத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றார்: பொருந்தும் ஆனால் தெரியாதது, பொருந்தவே பொருந்தாதது. டோனி ஹோர் என்பவர் 1965-ல் ஒரு கணினி மொழியில் 'நல்' என்ற வெற்றுக் குறியைப் புகுத்தினார். 2009-ல் அவரே மேடையில் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார்.

நம் ஜனங்களும் வேறு வழியில் இதை அனுபவிக்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயரை எழுதிவிட்டுக் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுகிறோம். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகிவிடும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. 'பொருந்தாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'தெரியாது' என்று எழுதிவிட்டார்கள். அதனால் அங்கே போன நம் பிள்ளைகள் பலரை வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் 'ஃப்னு' என்று கூப்பிடுகிறார்கள். நெயான் அம்மாளின் பேரன்கள்!

எங்கள் சங்கத்துக் கோப்பைப் பேரன் ஒரு மத்தியானத்தில் சரிசெய்தான். முதலில் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை வெட்டச் செய்தான். அதன்பின் காலியாக இருந்தால், வரியே இல்லாதது போல நடத்தி, கார்டு போகும்படி வைத்தான். எண் பத்து இலக்கம் இல்லையென்றால் செய்தி அனுப்பாமல் தனித் தாளில் பெயரை அச்சடிக்கும். "மகன் பார்த்துக்கொள்கிறான், எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் நினைவூட்டல் வரியில் 'நில்' முத்திரை. அதைக் குத்த உறுப்பினரின் கையெழுத்துக் கடிதம் வேண்டும் என்று நான் ஒரு விதி சேர்த்தேன். குமாஸ்தா புத்தி எங்கே போகும்?

இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். எல்லாம் அனுப்பி முடித்ததும் 'யாருக்கு எதுவும் போகவில்லை' என்று ஒரு பட்டியல் வர வேண்டும். போனவர்களின் பட்டியலை எல்லாரும் பார்ப்பார்கள். போகாதவர்களின் பட்டியலை யாரும் கேட்பதில்லை. அந்த எண்பத்து நான்கு வயதுக்காரர் அந்தப் பட்டியலில்தான் இருந்திருப்பார்.

படிக்கிறவர்களில் பலர் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் என்பதால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது உங்கள் பெயரில் உள்ள விவரத்தை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். மனைவி அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, நியமனதாரர், கைபேசி எண், ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். காலியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இல்லாததற்கு 'இல்லை' என்றும், பொருந்தாததற்கு 'பொருந்தாது' என்றும் எழுத்தில் கொடுத்து, அது எந்தக் கட்டத்தில் எப்படி ஏறியது என்று பார்த்துவிட்டு வாருங்கள். கைபேசி இல்லாதவர்கள் பத்து ஒன்பதைப் போட்டு ஒப்பேற்ற விடாதீர்கள். அந்த எண்ணும் யாராவது ஒருவருடையதாக இருக்கலாம்.

நாம் இருக்கும்போது இந்த வேலையைச் செய்துவிட்டால் பத்து நிமிடம். நாம் போன பிறகு வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டி வந்தால் ஏழு மாதம்.